கண்டுமுதலைச் சொல்லி நாற்று நடுகிறவர்கள்

எங்கள் பக்கத்துப் பள்ளி ஆண்டு விழாக்களில் ஒரு சடங்கு உண்டு. நீளம் தாண்டுதலில் மாவட்ட அளவில் இடம் பிடித்த ஒரு பெண்ணை மேடைக்குக் கூப்பிடுவார்கள். சிறப்பு விருந்தினர் மைக்கை அவள் பக்கம் நீட்டி, "உன் லட்சியம் என்னம்மா?" என்பார். "ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கணும் சார்" என்பாள் அவள். பந்தல் அதிரக் கைதட்டுவார்கள். பெண் இறங்கிப் போவாள். அடுத்து பரதநாட்டியம்.

முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கைதட்டலில் என் கையும் சேர்ந்திருக்கிறது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் அடுத்த கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. "சரிம்மா, நாளைக்குக் காலையில என்ன பண்ணப் போற?" கேட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரிந்திருக்காது. சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய எனக்கே பல வருடம் தெரியவில்லை.

ஊரெல்லாம் ஊறிப்போன நம்பிக்கை இது: குறியைப் பெரிதாக வை, தங்கத்துக்குக் குறி வைத்தால்தான் வெண்கலமாவது கிடைக்கும். கோடைப் பயிற்சி முகாமின் ஃபிளெக்ஸில் இது இருக்கும். பொங்கலுக்கு நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டியில் மைக் பிடிப்பவர் இதைச் சொல்வார். பிள்ளையை மைதானத்தில் கொண்டுவந்து விடும் அப்பாவும் இதைத்தான் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்புவார். கேட்க வீரமாக இருக்கிறது. அதைவிட முக்கியம், இதற்குச் செலவே கிடையாது. ஸ்பைக்ஸ் வாங்கித் தர வேண்டாம், இறுகிப்போன மணல்குழியைக் கொத்திவிட வேண்டாம், காலை ஐந்தரைக்கு எழுந்து வந்து நிற்க வேண்டாம். "தங்கம்" என்று சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்தது.

இந்த நம்பிக்கைக்கு வள்ளுவரையும் சாட்சிக்கு இழுப்பார்கள். ஊக்கமுடைமை அதிகாரத்திலிருந்து ஒரு குறள் ஏறாத பள்ளிச் சுவர் கிடையாது. ஆனால் அதே வள்ளுவர் 68ஆம் அதிகாரமாக வினைசெயல்வகை என்று ஒன்று வைத்திருக்கிறார். கையில் இருக்கும் பொருள், கருவி, காலம், செய்யும் வேலை, இடம் ஆகிய ஐந்தையும் ஐயம் தீர யோசித்துவிட்டு இறங்கு என்கிறார் அங்கே. அதை யாரும் சுவரில் எழுதக் காணோம். எழுதினால் மணல்குழியைக் கொத்த வேண்டி வரும்.

நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு நாம் இப்படிப் பேசுவதுதான் எனக்குப் பெரிய வியப்பு. என் அப்பா மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். நாற்றங்காலில் விதை விடும் நாளிலேயே யாராவது "இந்தத் தடவ மாவுக்குப் பத்து மூட்ட கண்டுமுதல் பாத்துரணும் மாமா" என்று ஆரம்பித்தால், "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருடா" என்பார். திருஷ்டி பயம் கொஞ்சம் இருக்கலாம். அதற்குள் ஒரு தெளிவும் இருந்தது. தன் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்று பிரிக்கத் தெரிந்தவர் அவர்.

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கும் என்பது மரபு. 2022இல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2024இலோ ஜூலை 28 வரை காத்துக் கிடந்தோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் எவ்வளவு என்று கருவி சொல்லும், என்ன விலை என்று அரசாங்கம் சொல்லும். இவை எதுவும் விவசாயி கையில் இல்லை. கண்டுமுதல், அதாவது விளைச்சல், பாதி அவர் கையில், பாதி மழையின் கையில். முழுக்க அவர் கையில் இருப்பது வேலை மட்டும்தான். குறுவை நாற்று இருபத்தைந்து நாளைத் தாண்டி முற்றிவிட்டால் தூர் கட்டாது, அதற்குள் பறித்து நட்டாக வேண்டும். முதல் களை தள்ளிப்போகக் கூடாது. கதிர் பால் பிடிக்கும்போது வயல் காயக் கூடாது. அப்பா மண்டைக்குள் ஓடியதெல்லாம் இந்த நாள் கணக்குதான்.

விளையாட்டிலும் இந்த மூன்று அடுக்கு அப்படியே இருக்கிறது. தங்கம், முதல் இடம், கோப்பை எல்லாம் விலையைப் போல. எதிராளி, நடுவர், காற்று, குலுக்கல் சீட்டு என்று பல கை சேர்ந்து தீர்மானிப்பது. என் நேரம், என் தூரம், என் எடை என்பது கண்டுமுதல். முன்பு நான் செய்ததோடு இன்று செய்ததை ஒப்பிடுவது. ஓட்டத்தின் எட்டாவது அடி எங்கே விழுந்தது, கபடியில் ரெய்டுக்கு இறங்கும் முன் எதிரே எத்தனை பேர் என்று எண்ணினேனா என்பது வேலை. நம் மேடைகள் முதல் அடுக்கை மட்டும் "இலக்கு" என்று பேர் வைத்து விற்கின்றன. அது இலக்கே இல்லை, ஆசை. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆசையைப் பயிற்சித் திட்டம் என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு.

நீரஜ் சோப்ராவின் கணக்கைப் பாருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்தார். தங்கம். 2024 பாரிஸில் 89.45 மீட்டர் எறிந்தார். வெள்ளி. முன்னைவிட 1.87 மீட்டர் தள்ளி எறிந்தவருக்கு ஒரு படி கீழே இடம். காரணம் எளிது. அன்றைக்குப் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்துவிட்டார். நீரஜ் எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் நதீமின் தோளை அவர் ஆள முடியாது. தங்கத்தை மட்டும் இலக்கு என்றால் பாரிஸ் தோல்வி. தூரத்தை இலக்கு என்றால் பாரிஸ், டோக்கியோவைவிடப் பெரிய நாள்.

இன்னும் நம் பக்கத்துக் கதை ஒன்று. லால்குடிப் பக்கத்திலிருந்து போன ஆரோக்கிய ராஜீவ், 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். 2021 ஆகஸ்ட் 6ஆம் தேதி டோக்கியோவில் 4×400 மீட்டர் தொடரோட்டத்தின் தகுதிச் சுற்றில் முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், அமோஜ் ஜேக்கப் ஆகியோருடன் ஓடினார். நேரம் 3 நிமிடம் 00.25 விநாடி. புதிய ஆசிய சாதனை. ஆனால் அந்தச் சுற்றில் நான்காம் இடம், மொத்தத்தில் ஒன்பதாம் இடம். இறுதிக்குப் போவது எட்டு அணிகள். ஆசியாவிலேயே அதுவரை எந்த நாலு பேரும் ஓடாத வேகத்தில் ஓடிவிட்டு, இறுதிச் சுற்றை மேலே உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கு அவர்கள் தோற்றார்களா? நம் மேடைக் கணக்குப்படி தோற்றார்கள், பதக்கப் பட்டியலில் அந்த ஓட்டத்துக்கு வரியே கிடையாது. ஸ்டாப்வாட்ச் கணக்கு வேறு. இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்ட் உலகப் போட்டியில் அனஸும் அமோஜும் இருந்த இந்திய அணி அதே தூரத்தை 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி மறுபடியும் புதிய ஆசிய சாதனை படைத்தது. கடைசிச் சுற்று ஓடியவர் தமிழ்நாட்டின் ராஜேஷ் ரமேஷ். தகுதிச் சுற்றில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம், இறுதியில் ஐந்தாம் இடம். அந்த 1.20 விநாடி வித்தியாசத்தை "தங்கம்" என்ற சொல்லை வைத்து அளக்க முடியுமா? பேட்டன் கைமாறும் இடம், முதல் 200 மீட்டரின் வேகம், கடைசி 100இல் தோள் இறுகாமல் இருப்பது என்று துண்டு துண்டாக வெட்டித்தான் அதை அளக்கவும் முடியும், குறைக்கவும் முடியும்.

இதெல்லாம் கிழட்டு வாத்தியாரின் புலம்பல் என்று நினைப்பவர்களுக்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. விளையாட்டில் இலக்கு வைப்பது பற்றி நடந்த சோதனைகளைத் திரட்டி 2022இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. ஆட்டத் திறன் எவ்வளவு கூடியது என்பதை ஓர் அளவுகோலில் போட்டார்கள். அதில் 0.2 என்றால் சிறிய பலன், 0.8 என்றால் பெரிய பலன். "ஜெயிக்கணும்" வகை இலக்குக்குக் கிடைத்தது 0.09. பலன் இல்லை என்றே சொல்லிவிடலாம். சொந்த நேரம், சொந்தத் தூரம் வகைக்கு 0.44. செய்முறையை இலக்காக வைத்தவர்களுக்கு 1.36. எண்களை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வரிசையைப் பாருங்கள். நாம் மேடையில் கொண்டாடுவது கடைசியில் நிற்கிறது.

அதற்காக "உன்னால் முடிந்ததைச் செய்" என்று தட்டிக்கொடுப்பது மாற்று ஆகாது. அது சோம்பேறி வாத்தியாரின் வசனம். அமெரிக்க உளவியலாளர் எட்வின் லாக் 1968லேயே இதைப் பற்றி எழுதினார். குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு வைத்தவர்கள், "முடிந்ததைச் செய்" என்று விடப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆகவே என் சண்டை உயரத்தோடு இல்லை. இலக்கு கடினமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்தக் கடினத்தை நாளைக் காலையில் கையால் தொட முடிய வேண்டும்.

என்னை எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இதுதான்: "பெரிய கனவு இல்லாமல் எவன் சார் பெரிய ஆள் ஆனான்?" பதிலுக்கு நான் தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சனம்பூண்டிக்குப் போகிறேன். தர்மராஜ் சேரலாதனின் ஊர். 1975இல் பிறந்தவர். 2016இல் பாட்னா பைரட்ஸ் அணிக்குத் தலைமை ஏற்று புரோ கபடிக் கோப்பையைத் தூக்கியபோது அவருக்கு வயது 41. அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். களத்தில் எல்லோருக்கும் அவர் "அண்ணா". இப்போது யோசியுங்கள். புரோ கபடி தொடங்கியதே 2014இல், அவருடைய முப்பத்தொன்பதாம் வயதில். அவர் பையனாக மண்ணில் விழுந்து எழுந்த காலத்தில் அந்தக் கோப்பை கனவிலும் வந்திருக்க முடியாது. அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று சொல்ல நான் யார்? ஆனால் ரைட் கார்னரில் நிற்பவன் வேலை என்ன என்று எனக்குத் தெரியும். ரெய்டரின் எந்தக் கால் முன்னே வருகிறது என்று பார்ப்பது, கணுக்காலுக்குப் பாயும் நொடியை அரை நொடி தள்ளிப்போடுவது, பக்கத்தில் நிற்பவன் கையை விடாமல் இருப்பது. பரிசு வந்த நாளில் அந்த வேலை தயாராக இருந்தது.

இன்னோர் உதாரணம் மன்னார்குடிப் பக்கத்து வடுவூர். பறவைகள் வரும் ஏரிக்குப் பேர் போன ஊர், கபடிக்கும்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பையன்கள் அணியில் வடுவூரின் அபினேஷ் இருந்தார். அந்தப் போட்டி 2013இல் நாஞ்சிங்கில் நடந்ததோடு சரி, அடுத்த 12 வருடம் நடக்கவே இல்லை. பத்து வயதில் அதைக் குறிவைக்கச் சொல்லியிருந்தால் எதைக் காட்டியிருப்போம்? ஈரானோடு நடந்த இறுதி ஆட்டத்தின் கணக்கு 35-32. மூன்று புள்ளி வித்தியாசம். ஒரு சூப்பர் டேக்கிளும் ஒரு போனஸும் சேர்ந்தால் மூன்று. ஆட்டம் அந்த அளவுத் துண்டுகளால் ஆனது. பயிற்சியும் அந்த அளவுத் துண்டுகளால்தான் ஆக வேண்டும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு பையனைத் தொலைத்த பிறகு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரும்பலகையில் "மாநில அளவில் முதல் இடம்" என்று பெரிதாக எழுதி வைத்தேன். பையன்கள் தினமும் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் களத்துக்கு வருவார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாவட்ட அரையிறுதியில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கடைசி ரெய்டு. எங்களிடம் இருந்த நல்ல ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டினான். எதிரே ஐந்து பேர்தான் நின்றார்கள். ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் உண்டு. நீட்டிய காலைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். வண்டியில் திரும்பும்போது ஒருவன் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பையன் மைதானத்துக்கு வரவில்லை. வருடம் முழுக்க நான் அவனுக்கு "முதல் இடம்" என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். "இறங்கும் முன் ஆளை எண்ணு" என்று ஒரு நாளும் இலக்கு வைக்கவில்லை. அவன் தோற்கவில்லை. என் கரும்பலகை தோற்றது.

பரிசையே இலக்கு என்று ஓட்டினால் இதைவிடப் பெரிய கேடும் வரும். நாளைக் காலைக்கு வேலை சொல்லாத இலக்கு, குறுக்கு வழிக்குக் கதவைத் திறந்துவிடும். 55 கிலோ பிரிவில் நுழைய இரண்டு நாள் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து, களத்தில் தலை சுற்றி விழும் பையனை நான் பார்த்திருக்கிறேன். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். ஊசி மாத்திரையின் கணக்கை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையே வெளியிடுகிறது. 2023இல் இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் 213 சிக்கின. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுவே மிக அதிக விகிதம். "எப்படியாவது ஜெயிச்சுட்டு வா" என்று நாம் பாசத்தோடு சொல்கிறோம். அதில் இருக்கும் "எப்படியாவது" பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது என்று யோசிப்பதில்லை.

"இலக்கை மாத்தாதே, உயிரே போனாலும் விடாதே" என்பது 'குறியைப் பெரிதாக வை' என்ற நம்பிக்கையின் தம்பி. தண்ணீர் தாமதமானால் நம் விவசாயி என்ன செய்கிறார்? நீண்ட வயது ரகத்தை விட்டுவிட்டு நடுத்தர வயது ரகத்துக்குப் போகிறார். நாற்றங்காலுக்கு நேரம் இல்லையென்றால் நேரடி விதைப்பு. அதை ஊரில் யாரும் தோல்வி என்று சொல்வதில்லை, பட்டம் தெரிந்தவர் என்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், தேர்வு வந்தால், ஐப்பசி அடைமழையில் மைதானம் குளமானால் இலக்கின் தேதியும் அளவும் மாறத்தான் வேண்டும். ஓட முடியாத மூன்று வாரத்துக்கு வராண்டாவில் செய்ய ஒரு வேலை எழுதித் தராதவர், கார்த்திகையில் "கனவை விட்டுடாதே" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பயன் இல்லை.

சரி, என்ன செய்யச் சொல்கிறாய் என்றால், முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு. மேடைப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். நீளம் தாண்டுதலில் கால் ஊன்றும் பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். தூரத்தை அளப்பது பலகையின் மணல் பக்க விளிம்பிலிருந்து. அவள் 25 சென்டிமீட்டர் முன்னாலேயே கால் ஊன்றி 4.60 மீட்டர் தாண்டினால், உண்மையில் அவள் தாண்டியது 4.85. அந்தக் கால் மீட்டரை யாரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை, அவளே மண்ணில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அதை மீட்க முட்டையும் பாலும் கூடுதலாக வேண்டாம், விருந்தினர் உரையும் வேண்டாம். ரன்-அப்பில் ஒரு செக் மார்க், பத்துத் தடவை ஓட்டம், ஒவ்வொரு தடவையும் கால் பலகைக்கு எவ்வளவு தள்ளி விழுந்தது என்று நோட்டில் ஓர் எண். இந்த வாரம் பத்தில் நாலு தடவை பலகையில் ஊன்ற வேண்டும். அடுத்த வாரம் ஐந்து. இதுதான் இலக்கு. கடினமானது, அளக்கக் கூடியது, முழுக்க அவள் கையில், இல்லை காலில், இருப்பது.

400 மீட்டர் ஓடும் பையனுக்கு முதல் 200க்கு எத்தனை விநாடி, அடுத்த 200க்கு எத்தனை விநாடி என்று இரண்டு எண். ரெய்டருக்கு இன்று எத்தனை தடவை வெறுங்கையோடு திரும்பினான், எத்தனை தடவை ஆளை எண்ணிவிட்டு இறங்கினான் என்று இரண்டு எண். ஒரே நேரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். வாரக் கடைசியில் வாத்தியாரும் பிள்ளையும் உட்கார்ந்து நோட்டைப் பார்க்க வேண்டும், பத்து நிமிடம் போதும். இதற்கு தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கமோ மயிலாடுதுறையில் இருக்கும் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையமோகூடத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பொட்டலே போதும்.

ஒலிம்பிக்ஸ் கனவு இருக்கட்டும். பிள்ளை தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும். முதல் நாள் அதிகாலையில் எழுப்பி மைதானத்துக்கு அனுப்ப அது உதவும். நூற்றுப்பத்தாவது நாள், மழை தூறும்போது, யாரும் பார்க்காதபோது அவளைத் திரும்பவும் ரன்-அப் தொடங்கும் இடத்துக்குக் கூட்டிப் போவது நேற்றைய எண்தான். நேற்று மூன்று, இன்று நாலு வருமா என்ற அரிப்பு.

அடுத்த ஆண்டு விழாவுக்கு ஓய்வு பெற்ற என்னையும் மரியாதைக்குக் கூப்பிடக்கூடும். மைக் கைக்கு வந்தால் அந்தப் பெண்ணிடம் லட்சியம் கேட்க மாட்டேன். "பத்துல எத்தனை தடவைம்மா பலகைல ஊன்றின?" என்று கேட்பேன். "ஆறு சார்" என்று அவள் சொன்னால் பந்தலில் யாருக்கும் ஒன்றும் புரியாது, கைதட்டலும் வராது. எங்கள் இரண்டு பேருக்கும் புரியும்.